ஃப்ளீட்வுட் மேக்கின் 'சே யூ வில்': 18 பாடல்களையும் ஒரே மூச்சில் கேட்க முடிகிறதா?

மலைச்சாரல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஃப்ளீட்வுட் மேக் என்ற பிரிட்டிஷ்-அமெரிக்க ராக் இசைக்குழுவின் 'ரூமர்ஸ்' ஆல்பத்தை ஏறத்தாழ மனப்பாடமாகவே அறிந்தவன் நான். 1977இல் வந்த அந்த ஆல்பத்தில் 11 பாடல்கள். நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடத் தோன்றும். அதே குழு 2003 ஏப்ரலில் வெளியிட்ட 'சே யூ வில்' ஆல்பத்தை இத்தனை ஆண்டுகளாக நான் கேட்டதில்லை. சென்ற மாதம் பழைய குறுந்தகடுகள் விற்கும் கடையொன்றில் அது கையில் சிக்கியது. உறை கிழியாமல் இருந்ததால் விலைகூடப் பேசாமல் வாங்கி வந்தேன்.

மூன்று முறை முயன்றுவிட்டேன். மூன்று முறையும் பன்னிரண்டாவது பாடலான 'சில்வர் கேர்ள்' முடியும் தறுவாயில் என் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விடுகிறது. பாடல்கள் மோசம் என்று சொல்ல மாட்டேன். 'பீஸ்கீப்பர்' முதல் தடவையிலேயே பிடித்துவிட்டது; தலைப்புப் பாடலை இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருப்பவை, வரிசையாகக் கேட்கும்போது மட்டும் ஏன் இப்படி அலுப்பூட்டுகின்றன என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மொத்தம் 18 பாடல்கள், சுமார் 76 நிமிடங்கள். குறுந்தகட்டில் இடமிருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் போட்டு நிரப்பிவிட்டார்களா? அல்லது வயதான குழு ஒன்றிடம் நான் எதிர்பார்ப்பதுதான் தவறா? இந்த ஆல்பத்தோடு நெடுநாள் பழகியவர்கள் உங்கள் கருத்தைச் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன். எந்தப் பாடலைத் தவிர்க்கலாம், எதை எதன் பின்னால் கேட்கலாம் என்று சொன்னாலும் சரி.

ஒலிநாடாக்_காலம்

நண்பரே, நீளத்தின் மேல் பழி போடாதீர்கள். இதே குழு 1979இல் 'டஸ்க்' என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டது. அதில் 20 பாடல்கள். நேரத்தில் 'சே யூ வில்'லுக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். அதை நான் எத்தனையோ இரவுகள் முழுமையாகக் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் நடுவில் எழுந்து போகத் தோன்றியதில்லை. ஆகவே சிக்கல் நிமிடக் கணக்கில் இல்லை, ஆள் கணக்கில் இருக்கிறது.

குழுவில் பாடல் எழுதிப் பாடுபவர்கள் மூவர். 'டஸ்க்' ஆல்பத்தில் கிட்டார் கலைஞர் லிண்ட்சி பக்கிங்ஹாமின் பாடல்கள் ஒன்பது, பாடகி ஸ்டீவி நிக்ஸின் பாடல்கள் ஐந்து, கீபோர்டும் வாசிக்கும் பாடகி கிறிஸ்டின் மெக்வீயின் பாடல்கள் ஆறு. இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை விட இடம். ஆல்பம் தொடங்குவது கிறிஸ்டினின் 'ஓவர் அண்ட் ஓவர்' பாடலோடு. முடிவது அவருடைய 'நெவர் ஃபர்கெட்' பாடலோடு. நடுவில் பக்கிங்ஹாம் எவ்வளவு கிறுக்குத்தனம் செய்தாலும், நிக்ஸ் எந்தக் கனவுலகத்துக்கு நம்மை இழுத்துப் போனாலும், வாசலில் வரவேற்பவரும் வழியனுப்புபவரும் கிறிஸ்டின்தான். இதை நான் முதலில் கவனித்தபோது தற்செயல் என்றே நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

'சே யூ வில்'லில் கணக்கு என்ன? பக்கிங்ஹாம் ஒன்பது, நிக்ஸ் ஒன்பது, கிறிஸ்டின் சுழியம். 'த டான்ஸ்' என்ற நேரலை ஆல்பமும் அதை ஒட்டிய சுற்றுப்பயணமும் முடிந்த பிறகு, 1998இல் அவர் குழுவை விட்டு விலகி இங்கிலாந்துக் கிராமப்புறத்துக்குப் போய்விட்டார். அவர் இல்லாமல் பதிவான ஆல்பம் இது. பக்கிங்ஹாமும் நிக்ஸும் இருவேறு வகையில் காரமானவர்கள். ஒருவர் குழம்பு என்றால் மற்றவர் வற்றல்குழம்பு. சாம்பாருக்கும் மோருக்கும் நடுவே ரசம் ஊற்றிக்கொள்ளும்போதுதான் நாக்கு மறுபடி தயாராகிறது. கிறிஸ்டினின் பாடல்கள் அந்த வேலையைச் செய்தன. 'டோன்ட் ஸ்டாப்', 'யூ மேக் லவிங் ஃபன்', 'எவ்ரிவேர்' போன்ற பாடல்களை எளிமையானவை என்று சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். அந்த எளிமை எடுபட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த 18 பாடல்களே சாட்சி. 'மர்ரோ டர்னிங் ஓவர் இன் ஹிஸ் கிரேவ்' பாடலின் ஊடகக் கோபத்திலிருந்து நேராக செப்டம்பர் 11 துயரத்தைப் பாடும் 'இல்யூம்' பாடலுக்குப் போய் விழுகிறோம். இடையில் மூச்சுவிட இடமில்லை.

உங்கள் எதிர்பார்ப்பில் தவறு இல்லை. பந்தியில் ரசம் வரவில்லை என்பதைத்தான் நீங்கள் வேறு வார்த்தைகளில் சொல்லியிருக்கிறீர்கள்.

வெள்ளிக்கம்பி

மேலே எழுதியவரின் உவமை சுவையாக இருக்கிறது. ஆனால் அந்த உவமையாலேயே இந்த ஆல்பம் எப்படிப் பிறந்தது என்பது மறைந்துவிடுகிறது. 'சே யூ வில்' ஒரு குழு கூடி உட்கார்ந்து திட்டமிட்டு எழுதிய ஆல்பம் அன்று. பக்கிங்ஹாம் தொண்ணூறுகளில் 'கிஃப்ட் ஆஃப் ஸ்க்ரூஸ்' என்ற பெயரில் ஒரு தனி ஆல்பத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதில் வாசிக்க டிரம்ஸ் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட்டையும் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் மெக்வீயையும் அழைத்திருந்தார். அந்தத் தனி ஆல்பம் அப்போது வெளிவரவில்லை. அதிலிருந்த பாடல்களில் பெரும்பாலானவைதான் 'சே யூ வில்'லுக்குள் வந்து சேர்ந்தன: 'மர்ரோ', 'மிராண்டா', 'ரெட் ரோவர்', 'கம்', 'சே குட்பை' எல்லாம் அந்த வழியில் வந்தவை. அதே தலைப்பில் 2008இல் அவர் வெளியிட்ட தனி ஆல்பம் பெரும்பாலும் வேறு பாடல்களைக் கொண்டது.

நிக்ஸின் பக்கமும் ஏறத்தாழ இதே கதைதான். அவர் தன்னிடமிருந்த பழைய மாதிரிப் பதிவுகளைக் கொடுத்துவிட்டுத் தன்னுடைய 2001 தனி ஆல்பத்துக்கான பயணத்தில் இருந்தார். மற்ற மூவரும் அவற்றின் மேல் இசையைக் கட்டினார்கள். திரும்பி வந்த பிறகுதான் அவர் சில புதிய பாடல்களை எழுதிச் சேர்த்தார். ஆக, ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஏமாற்றம் பாதியாகக் குறையும். இது 'ரூமர்ஸ்' போல இல்லையே என்று வருந்துவது, பலாமரத்தடியில் நின்று மாங்காய் தேடுவது போன்றது.

இப்போது என் தரப்பைச் சொல்கிறேன். பக்கிங்ஹாமின் கிட்டாரைக் கேட்பதற்காக மட்டுமே இந்த ஆல்பத்தை நான் வைத்திருக்கிறேன். கம்பிகளை மீட்ட உதவும் பிளெக்ட்ரம் என்ற சிறு தகட்டை அவர் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. விரல்களாலேயே கம்பிகளை மீட்டுவார். 'ரெட் ரோவர்' பாடலை ஹெட்போனில், வீடு அடங்கிய பிறகு கேட்டுப்பாருங்கள். கட்டைவிரல் கீழ்ச்சுரக் கம்பிகளில் ஒரு தாளத்தை விடாமல் உருட்டிக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மேலே இன்னொரு கணக்கில் ஓடுகின்றன. நான் கிட்டார் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பாடலின் முதல் பத்து விநாடியை வாசிக்க இரண்டு வாரம் முயன்று, நகம் உடைந்து, கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவன். 'கம்' பாடலோ அதற்கு நேரெதிர். அடித்தொண்டையில் கிசுகிசுப்பது போலத் தொடங்கிப் பிறகு கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஐம்பதை ஒட்டிய வயதில் ஒருவர் இப்படி வாசிக்கிறார் என்றால், வயதான குழு என்று நீங்கள் எழுதியதை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

குறை உண்டு, மறுக்கவில்லை. இதை இரட்டைத் தொகுப்பாக வெளியிட வேண்டும் என்பது பக்கிங்ஹாமின் விருப்பமாக இருந்தது. கடைசியில் ஒரே தட்டில் அடைபட்டது. இரண்டு தட்டாக வந்திருந்தால் முதல் தட்டு முடிந்ததும் நீங்கள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்திருப்பீர்கள். 'டஸ்க்' இசைத்தட்டாக வந்தபோது நான்கு பக்கங்கள். மூன்று முறை எழுந்து திருப்பிப் போட வேண்டும். ஒலிநாடாக்_காலம் அவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நள்ளிரவு_வானொலி

இரண்டு நீண்ட மறுமொழிகளையும் படித்தேன். ஒருவர் ஆல்பத்தில் இல்லாத பெண்மணியைப் பற்றி எழுதினார். இன்னொருவர் கிட்டார் கம்பியைப் பற்றி எழுதினார். பாதி ஆல்பத்தை எழுதிப் பாடிய ஸ்டீவி நிக்ஸுக்கு இருவரும் சேர்ந்து கொடுத்தது 'வற்றல்குழம்பு' என்ற பட்டமும், பழைய பதிவுகளைக் கொடுத்துவிட்டுப் போனவர் என்ற குறிப்பும்தான். ஒரு பெண் ரசிகையாக எனக்கு இதில் வருத்தம் உண்டு. பெரிதாக ஒன்றும் இல்லை, சொல்லிவைக்கிறேன்.

பழைய பாடல்கள் என்பது உண்மை. 'ஸ்மைல் அட் யூ' எண்பதுகளின் தொடக்கத்திலேயே பதிவு செய்து பார்த்து ஒதுக்கிவைக்கப்பட்ட பாடல். ஆனால் இளம்பெண்ணாக எழுதிய வரிகளை ஐம்பத்து நான்கு வயதில் பாடும்போது பொருள் மாறிவிடுகிறது என்பதை இந்தப் பாடலில் கேட்கலாம். முன்பு அவர் குரலில் ஒரு நடுக்கம் இருக்கும். மேல் சுரங்களில் உடைந்துவிடுமோ என்று கேட்பவருக்குப் பதற்றமாக இருக்கும். 'சே யூ வில்' காலத்துக்கு வரும்போது அந்தக் குரல் கீழே இறங்கி, தடித்து, நிதானப்பட்டுவிட்டது. முன்பு கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியவர், இப்போது கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருப்பவர் போலப் பாடுகிறார். 'டெஸ்டினி ரூல்ஸ்' பாடலின் அவசரமில்லாத நடைக்கு அந்தக் குரல்தான் பொருத்தம். 1977ஆம் ஆண்டுக் குரல் அந்தப் பாடலைக் கெடுத்திருக்கும்.

'இல்யூம்' பாடலை வெறும் துயரம் என்று தள்ளிவிட வேண்டாம். செப்டம்பர் 11 அன்று நிக்ஸ் நியூயார்க்கில்தான் இருந்தார். ஆனால் அந்தப் பாடலில் கொடி இல்லை, முழக்கம் இல்லை, வீராவேசம் இல்லை. இரவு முழுக்க மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொள்வது போல இருக்கிறது. இந்த ஆல்பம் கடைக்கு வந்தது ஈராக் போர் தொடங்கிய அடுத்த மாதம். அந்தச் சூழலில் பக்கிங்ஹாமின் 'பீஸ்கீப்பர்' பாடலையும் நிக்ஸின் 'இல்யூம்' பாடலையும் அருகருகே வைத்துக் கேட்டவர்களுக்கு இவை இரண்டு தனிக் குடித்தனங்களாகத் தோன்றியிருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதினேழாவது பாடல் பக்கிங்ஹாமின் 'சே குட்பை'. பதினெட்டாவது பாடல் நிக்ஸின் 'குட்பை பேபி'. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து சேர்ந்து வாழ்ந்து, பிரிந்து, ஒருவரைப் பற்றி ஒருவர் பாட்டெழுதி, அதையே மேடையில் நேருக்கு நேர் நின்று பாடிய இருவர் அவர்கள். இந்த ஆல்பத்தில் ஒருவர் விடைபெற, மற்றவர் அதற்கு விடை கொடுக்கிறார். இரண்டும் மிக மென்மையான பாடல்கள். 'சே குட்பை' முழுவதிலும் கிட்டாரும் குரல்களும் தவிர வேறெதுவும் இல்லை என்றே சொல்லிவிடலாம். அப்போது அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் ஃப்ளீட்வுட் மேக் என்ற பெயரில் வந்த கடைசி முழு ஸ்டூடியோ ஆல்பம் அந்த இரண்டு விடைபெறல்களோடு முடிந்தது. பன்னிரண்டாவது பாடலில் நிறுத்துகிறவர் இதைக் கேட்காமலே போய்விடுகிறார். மலைச்சாரல், அடுத்த முறை கடைசி இரண்டை முதலில் கேளுங்கள்.

தாளக்கட்டை

சுருக்கமாக இரண்டு செய்திகள்.

முதலாவது, எல்லாரும் பாடகர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். குழுவின் பெயரே டிரம்ஸ்காரரையும் பேஸ்காரரையும் வைத்துத்தான் அமைந்தது. ஃப்ளீட்வுட் என்பது மிக் ஃப்ளீட்வுட். மேக் என்பது ஜான் மெக்வீ. 1967இல் லண்டனில் ப்ளூஸ் குழுவாகத் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ பாடகர்கள் வந்து போய்விட்டார்கள், இவர்கள் இருவரும் அசையவில்லை. 'த்ரோன் டவுன்' பாடலில் குரலை மறந்துவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். மெக்வீ தேவைக்கு மேல் ஒரு சுரம்கூட வாசிப்பதில்லை. இரண்டு குடித்தனம் என்கிறீர்களே, அந்த வீட்டின் தூண்கள் இவர்கள்தான்.

இரண்டாவது, ஒலிநாடாக்_காலம் அவர்களுக்கு ஒரு திருத்தம். கிறிஸ்டின் இந்த ஆல்பத்துக்கு ஒரு பாடலும் எழுதவில்லை என்பது சரி. ஆனால் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. 'ஸ்டீல் யுவர் ஹார்ட் அவே', 'ப்ளீட் டு லவ் ஹெர்' ஆகிய இரண்டு பாடல்களில் விருந்தினராக அவர் பங்களித்திருக்கிறார். அவை எத்தனையாவது பாடல்கள் தெரியுமா? பதின்மூன்றும் பதினான்கும். மலைச்சாரல் அவர்கள் மூன்று முறையும் சரியாக அதற்கு முந்தைய பாடலில் நிறுத்தியிருக்கிறார்.

ஒலிநாடாக்_காலம்

தாளக்கட்டை அவர்களின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பெயரை அச்சிட்ட குறிப்பில் பார்த்த நினைவு எனக்கும் உண்டு. எழுதும் வேகத்தில் கோட்டைவிட்டேன். 'ப்ளீட் டு லவ் ஹெர்' 1997 'த டான்ஸ்' நேரலையிலேயே ஐவரும் சேர்ந்து அரங்கேற்றிய பாடல் என்பதால், அவர் குரலுக்கு அங்கே ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. ஆனாலும் என் கருத்தில் மாற்றமில்லை: ரசம் ஒரு கரண்டி வந்தது, அதுவும் பந்தி முடியும் நேரத்தில் வந்தது.

நள்ளிரவு_வானொலி அம்மையாருக்கு: வற்றல்குழம்பு என்று நான் சொன்னது பழிச்சொல் அன்று. எங்கள் வீட்டில் அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

இதைத் தேடிக் கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2017இல் லிண்ட்சி பக்கிங்ஹாமும் கிறிஸ்டின் மெக்வீயும் தங்கள் இருவர் பெயரிலேயே ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். டிரம்ஸும் பேஸும் அதே ஃப்ளீட்வுட், அதே மெக்வீ. அதில் நிக்ஸ் மட்டும் இல்லை. இதில் இல்லாதவர் அதில் இருக்கிறார், இதில் இருப்பவர் அதில் இல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டால், 1987 'டேங்கோ இன் த நைட்' ஆல்பத்துக்குப் பிறகு ஐவரும் சேர்ந்து செய்திருக்க வேண்டிய ஆல்பம் எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். கிறிஸ்டின் 2022 நவம்பரில் காலமாகிவிட்டதால் இனி ஊகம் மட்டுமே மிச்சம்.

வெள்ளிக்கம்பி

அந்தக் கலவையை நான் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டேன். 2017 ஆல்பத்தின் பாடல்களுக்குப் பக்கத்தில் 'மர்ரோ' மட்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறது. அதை நீக்கிவிட்டால் மற்றவை நன்றாகவே கூடிவருகின்றன. எனக்கு மிகவும் பிடித்த பாடல்களில் ஒன்று அது என்பதால், இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

மலைச்சாரல்

அனைவருக்கும் நன்றி. தாளக்கட்டை அவர்களின் மறுமொழியைப் படித்ததும் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. மூன்று முறையும் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

நேற்று இரவு நேராகப் பதின்மூன்றாவது பாடலிலிருந்து தொடங்கினேன். 'ஸ்டீல் யுவர் ஹார்ட் அவே' பாடலில் கிறிஸ்டினின் குரலைத் தனியாகப் பிரித்தறிய முடியவில்லை. கூட்டுக்குரலின் அடியில் எங்கோ கலந்திருக்கிறது. ஆனால் 'ப்ளீட் டு லவ் ஹெர்' பாடலின் பல்லவியில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது, 'ரூமர்ஸ்' கேட்டுப் பழகிய என் காது சட்டென்று நிமிர்ந்தது. அது அவர் குரல்தானா, அல்லது அவர் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு கேட்டதால் வந்த மயக்கமா என்று தெரியவில்லை. நான்கு முறை திரும்பப் போட்டுக் கேட்டேன். பிறகு நிறுத்தாமல் விட்டதில் 'சே குட்பை', 'குட்பை பேபி' இரண்டும் ஓடி முடிந்தன. பக்கத்து அறையிலிருந்து என் மனைவி எழுந்து வந்து, கடைசியாக வந்த பாட்டு என்ன பாட்டு என்று கேட்டார். 'ரூமர்ஸ்' போட்டால் கதவைச் சாத்திக்கொள்பவர் அவர்.

இப்போதைக்கு என் வரிசை இதுதான்: 13 முதல் 18 வரை முதலில்; ஒரு தேநீர்; அதன் பிறகு தலைப்புப் பாடல் (7), 'பீஸ்கீப்பர்' (8), 'ரெட் ரோவர்' (6), 'த்ரோன் டவுன்' (4). 'மர்ரோ' பாடலுக்கு இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கம்பி மன்னிக்க வேண்டும்.